வீட்டு சர்வர்: அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

“வீட்டுலயே ஒரு சர்வர் வெச்சுக்கலாம்னு இருக்கேன் சார். பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணலாமா, ரெடிமேடா வாங்கிடலாமா?” சிறு அலுவலகங்களுக்கும் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் சர்வர், நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பவன் நான். சர்வர் என்பது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்து, ஃபைல்களையும் வலைத்தளங்களையும் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பலரும் கையில் ஒரு பார்ட்ஸ் பட்டியலை வைத்திருப்பார்கள். நான் அதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் என்ன நெட் கனெக்‌ஷன் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு வலைத்தளத்தை ஓட்ட, வெளியுலகம் உங்கள் ரவுட்டரை வந்தடைய முடிய வேண்டும். இன்று பல வீட்டு இணைப்புகளில் அது முடியாது. ஒரே பொது ஐபி எண்ணை (இணையத்தில் அதுதான் முகவரி) நெட் நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள். அந்த எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் அந்த வகைதான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. இந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் செட்டிங்) எவ்வளவு செய்தாலும் பலன் இல்லை. கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி, அதாவது உங்களுக்கென்றே மாறாத ஒரு பொது ஐபி, வாங்கலாம். சர்வரே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் கிளவுட்ஃப்ளேர் டனல் போடலாம். குடும்பத்தார் மட்டும் பார்க்கும் போட்டோக்கள் என்றால் உங்கள் சாதனங்களை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். மெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்க வேண்டாம். வீட்டு இணைப்புகளில் சர்வர்களுக்கிடையே மெயில் போகும் வழியான 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும், வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேம் என்று தள்ளிவிடும்.

அடுத்தது கரண்ட். கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட ரேக் சர்வரை (அலமாரி போன்ற சட்டத்தில் அடுக்கும் தட்டையான பெரிய சர்வர்) மலிவாக வாங்கி வந்திருந்தார். இரண்டு பிராசஸர், நிறைய ரேம். அந்த விலைக்குப் புது லேப்டாப்கூடக் கிடைக்காது. சுவர் பிளக்குக்கும் சர்வருக்கும் நடுவே வாட் மீட்டரை மாட்டினேன். யாரும் எந்த ஃபைலையும் தொடவில்லை, சும்மாதான் இருக்கிறது. மீட்டர் 150-ஐச் சுற்றியே நின்றது. 150 வாட் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட், வருடத்துக்கு 1,314 யூனிட். அதுவும் வீட்டின் மற்ற செலவுக்கு மேலே ஏறுவதால், மேல் ஸ்லாபின் விலையில் விழும். போட்டோவைச் சேமித்து நாலு பேருக்குப் பகிரும் அதே வேலையை 12 வாட்டில் ஓடும் ஒரு மினி பிசி செய்துவிடும். அதற்கு இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம்தான். சர்வர் விலை ஒருமுறை கொடுப்பது, கரண்ட் பில் அது ஓடும் வரைக்கும் கொடுப்பது. போதாக்குறைக்கு ரேக் சர்வரின் ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் யாரும் தூங்க முடியாது.

அதனால், முதல் சர்வர் வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அசெம்பிளும் இல்லை, விலையுயர்ந்த ரெடிமேட் பெட்டியும் இல்லை. பழைய அலுவலக மினி பிசி ஒன்று வாங்குங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவை கம்பெனிகளின் லீஸ் முடிந்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருபவை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் விசாரித்தால் கிடைக்கும். வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இன்னும் பூட்டியிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அடாப்டர் அந்த பிராண்டுடையதுதானா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் (SMART) ரிப்போர்ட்டில் தெரியும். புதிதாகவே வேண்டுமென்றால், 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசிக்கள் ஃபைல் பகிர்வுக்கான நெக்ஸ்ட்கிளவுட், போட்டோக்களுக்கான இம்மிச், இரண்டு மூன்று சிறிய வலைத்தளங்கள் ஆகியவற்றைத் தாராளமாகத் தாங்கும்.

இதன் குறை டிஸ்க். உள்ளே ஒரு எம்.2 (சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டி), ஒரு இரண்டரை இன்ச் டிரைவ், பெரும்பாலும் அவ்வளவுதான் இடம். யூஎஸ்பியில் நாலு டிரைவைத் தொங்கவிட்டு ரெய்டு (ஒரு டிஸ்க் பழுதானாலும் ஃபைல்கள் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது) போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிள் கொஞ்சம் அசைந்தாலே ஒரு டிரைவ் காணாமல் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்று நான்கு பெரிய டிஸ்க் தேவைப்படும் கட்டத்தில்தான் அசெம்பிள் செய்வதற்கு அர்த்தம் வருகிறது. அதன் பலம் விலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் மதிப்பது வேறொன்றை. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போய்விட்டால், உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையில் இருக்கும், பொது அளவான ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி இரவுக்குள் ஓடவிடலாம். பிராண்டட் டெஸ்க்டாப் பலவற்றில் கனெக்டரே வேறு, கடைச் சரக்கு பொருந்தாது. ஆனால் அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி பில், தனி வாரண்டி, தனி சர்வீஸ் சென்டர். அந்த பில்களை ஒரே கவரில் போட்டு வையுங்கள். வாங்குவதற்கு முன்பே, அந்த மதர்போர்டுக்கு உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தடங்கள் ஓட்டு அடுக்கியது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை மாற்றி எழுதப் பக்கத்தில் இருப்பதையும் எழுத வேண்டி வரும். பழுதான டிஸ்க்கை மாற்றி ரெய்டைத் திரும்பக் கட்டும் நேரத்தில் இது இழுத்தடிக்கும், சில சமயம் பாதியில் தோற்றும் போகும். நாஸ் பெட்டிகளுக்கென்றே (நெட்வொர்க் வழியாகப் பலரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டிகள்) விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த வகை என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாமல், மாடல் எண்ணைத் தேடி சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத வகை) என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

சைனாலஜி, கியூநாப் போன்ற ரெடிமேட் நாஸ் பெட்டி யாருக்கு? சர்வர் பராமரிப்பைப் பொழுதுபோக்காகப் பார்க்காதவர்களுக்கு. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலிருக்கும் அப்பா அம்மா வீட்டில் பெட்டியை வைப்பவர்களுக்கும் அதுதான் சரி. டிஸ்க்கை மாற்ற ஒரு தட்டை உருவினால் போதும், போனிலேயே வழிகாட்டிவிடலாம். அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம் என்றே சொல்வேன். ஆனால் கூடவே நிறுவனத்தின் முடிவுகளுக்கும் கட்டுப்படுகிறீர்கள். 2025-இல் சைனாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது; எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு தளர்த்தியது. வாரண்டி முடிந்த பிறகு போர்டு போனால் கடையில் மாற்று கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரெடிமேட் என்பதால் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது. 2021 ஜூனில், இணையத்தில் இணைந்திருந்த டபிள்யூடி மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றை யாரோ எங்கிருந்தோ ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். சேமித்து வைத்ததெல்லாம் போயிற்று. அந்த மாடலுக்கு 2015-லிருந்தே அப்டேட் நின்றிருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், நேரடியாக இணையத்தில் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அசெம்பிள் செய்த பெட்டிக்கும் இந்த ஆபத்து உண்டு, கொஞ்சமும் குறையாது. அட்மின் பக்கம் இணையத்துக்குத் தெரியவே கூடாது. விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி, அதன் வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். ரவுட்டரில் யூபிஎன்பி ஆன் ஆகியிருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்காமலேயே போர்ட்டுகளைத் திறக்க அது அனுமதிக்கும்.

எந்தப் பெட்டியானாலும் பரண் மேல் ஏற்றாதீர்கள். மே மாத வெயிலில் ஓட்டுக்கோ தளத்துக்கோ கீழே இருக்கும் காற்றில் டிஸ்க் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். கேஸைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்க வேண்டும், மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு ஓட்டக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் சர்வருக்கும் ரவுட்டருக்கும் தனியாக ஒரு சிறிய யூபிஎஸ் போடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஒழுங்காக அணைய அது வேண்டும்.

பட்ஜெட் போடும்போதே இன்னொரு டிஸ்க்குக்கும் சேர்த்துப் போடுங்கள். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த ஃபோல்டரையும் ரான்சம்வேர் பூட்டியதையும் காப்பாற்றாது. அந்தக் கூடுதல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலு போட்டோவையாவது திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் வேறு எந்த வேலையையும் விட்டுவிட்டு அன்றைக்கே அதைச் சரிசெய்யுங்கள்.