வளைந்த கூரையில் நேரான தூண்: போசோவின் சொர்க்கம் வேலை செய்யும் விதம்

ரோம் நகரில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆலயத்தில், நடுக்கூடத்துத் தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று அண்ணாந்தால் கூரையே தெரியாது. சுவர்கள் தூண்களோடும் வளைவுகளோடும் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் அப்பால் திறந்த வானம். கிறிஸ்துவிடமிருந்து வரும் ஒளி, மேகத்தில் எழும் இஞ்ஞாசியாரைத் தொட்டு, அன்று அறியப்பட்டிருந்த நான்கு கண்டங்களுக்கும் பிரிகிறது. இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா போசோ 1694-இல் முடித்த ஓவியம் இது. தீட்டிய பரப்போ வளைந்த கூரை.

அவர் தம் முறையை மறைக்கவில்லை, நூலாகவே எழுதிவைத்தார். கூரை தட்டையானது என்று எண்ணிக்கொண்டு முதலில் தாளில் முழுக் காட்சியையும் வரைந்து கட்டம் போட வேண்டும். வளைவு தொடங்கும் உயரத்தில், அதே கட்டங்களைக் கயிற்று வலையாகக் கட்ட வேண்டும். பார்ப்பவரின் கண் இருக்கும் இடத்தில் விளக்கை வைத்தால் வலையின் நிழல் கூரையில் விழும். உயரம் கூடி நிழல் மங்கினால், கண் இருக்கும் புள்ளியிலிருந்து நூலை இழுத்து, வலையின் முடிச்சுகளைத் தொட்டபடி கூரைவரை நீட்டிப் புள்ளி வைக்கலாம். கூரையில் இந்தக் கட்டங்கள் சதுரமாக இருக்காது. சுவரை ஒட்டிய பகுதியில் பார்வைக்கோடு பரப்பைச் சாய்வாக உரசிப் போவதால் அவை நீண்டுவிடும். நேர்கோடும் வளைந்துதான் விழும். சாரத்தில் நிற்பவருக்குக் கோணலாகத் தெரியும் தூண், கீழே அந்த ஒரே புள்ளியில் நிற்பவருக்கு மட்டும் நேராகும்.

அங்கிருந்து நகர்ந்தால் என்ன ஆகும்? நிமிர்ந்த தூண்கள் எல்லாம் நம் உச்சிக்கு நேர்மேலே ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரிய வேண்டும். ஓவியத்தில் அந்தப் புள்ளி வட்டத்தின் நேர்மேலே நிலைத்துவிட்டது. அது கண்ணுக்கு 30 மீட்டர் மேலே இருப்பதாகக் கொண்டால், 5 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது உச்சியிலிருந்து ஏறக்குறைய 9 பாகை விலகியிருக்கும். தூண்கள் அத்தனை பாகை சரிந்து, விழப்போவதுபோல் தெரியும். மேகங்களுக்கும் வானதூதர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் நேர்கோடு கிடையாது, பிழையைக் கண் பிடிக்காது. அவற்றைத் தூண்களின் விளிம்பைத் தாண்டி வழியவிட்டதுதான், என் பார்வையில், போசோவின் மிக நுட்பமான முடிவு. ஓரத்து உருவங்கள் பெரியவை, நிறம் அடர்ந்தவை. நடுவை நெருங்க நெருங்கச் சிறுத்து வெளுக்கின்றன.

வண்ணத்தைப் பிடித்துவைப்பது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த மெல்லிய மேற்பூச்சை அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூசுவார்கள். ஈரம் இருக்கும்போதே, நீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். காயும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும். நிறத்துகள்கள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். நேரம் தப்பினால் நிறம் பொடியாக உதிரும். ஈயவெள்ளை இதில் கறுத்துவிடும் என்பதால் வெள்ளைக்கும் சுண்ணாம்பே. ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுக்கும். அதனால் காய்ந்த சாந்துத் துண்டில் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் தையலைத் தூணின் விளிம்பிலோ மேகத்தின் ஓரத்திலோ விடுவார்கள். வெறும் வானத்தின் நடுவே விட்டால் அது கோடாகத் தெரிந்துவிடும்.