செப்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு மாந்தோப்பில், சென்ற மார்கழியில், எங்கள் உறவினரின் பழைய டீசல் பிக்கப் வண்டி காலை வேளையில் கிளம்ப மறுத்தது. மாங்காய்ப் பருவம் முடிந்ததிலிருந்து அது பெரும்பாலும் கொட்டகை ஓரத்திலேயே நின்றிருந்தது. பில்டர் மேலிருக்கும் கை பம்பை இருபது முப்பது முறை அழுத்தினால் வெண்புகையைக் கக்கியபடி ஓடத் தொடங்கும். அன்று முழுக்கத் தொல்லை இராது. மறுநாள் காலை மீண்டும் அதே கதை. வந்து பார்த்த மெக்கானிக் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஏர் பிடிக்குதுண்ணா. இந்த வாட்டர் செப்பரேட்டரைத் தூக்கிட்டு ரெண்டு ஹோஸையும் நேரா சேர்த்து விட்டுட்டா அப்புறம் தொந்தரவே வராது."

டீசல் குழாய்க்குள் காற்று புகுகிறது என்று அவர் கண்ட கோளாறு சரியானது. சொன்ன மருந்துதான் தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய டீசல் கார், ஜீப், பிக்கப் எதைத் திறந்து பார்த்தாலும் செப்பரேட்டர் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயும் இரண்டு கிளாம்புகளும் மட்டும் இருப்பதைக் காணலாம். டீசலோடு வரும் தண்ணீரைப் பிரித்து அடியில் தேக்கும் சிறு கிண்ணம்தான் இந்தச் செப்பரேட்டர். அந்தக் கிண்ணம் ஏன் காற்றை இழுக்கிறது, காற்றை இழுக்கும் அபாயம் தெரிந்தும் வடிவமைத்தவர்கள் அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

டீசலும் தண்ணீரும் கலவா. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 830 கிராம். தண்ணீரின் எடை 1,000 கிராம். ஆகவே தண்ணீர் அடியில் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு நேரத்தில் தங்கும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு திரவத்துக்குள் விழும் சிறு துளியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தச் சூத்திரத்தில் டீசலின் பிசுபிசுப்பைப் போட்டுப் பார்த்தால், 100 மைக்ரான் விட்டமுள்ள நீர்த்துளி, அதாவது தலைமுடியைவிடச் சற்றே தடித்த துளி, பத்து சென்டிமீட்டர் ஆழத்தை ஐந்தாறு நிமிடத்தில் கடந்துவிடும். அதே துளி உடைந்து 10 மைக்ரான் ஆகிவிட்டால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது; அதே பத்து சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒன்பது மணி நேரம், ஓர் இரவு முழுவதும், தேவைப்படும்.

ஆகவே தண்ணீரைப் பிரிக்க வேண்டுமானால் துளிகள் பெரியவையாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். டேங்கிலிருந்து வரும் டீசல் பம்பின் பல்சக்கரங்களுக்கும் வால்வுகளுக்கும் இடையில் புகுந்துவிட்டால், அதிலுள்ள தண்ணீர் மோரைக் கடைந்ததுபோல் நுண்துளிகளாகச் சிதறிவிடும்; பிறகு அதைப் பிடிப்பது கடினம். இதனால்தான் பல பழைய வண்டிகளில் செப்பரேட்டரைப் பம்புக்கு முன்னால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே வைத்தார்கள். குறுகிய குழாயிலிருந்து அகன்ற கிண்ணத்துக்குள் நுழையும் டீசல் வேகம் தணிகிறது, கூம்பு போன்ற தகட்டின்மேல் பரவி ஓடித் திசை திரும்புகிறது. கனமான நீர்த்துளிகள் அந்தத் திருப்பத்தில் டீசலோடு போக இயலாமல் அடியில் விழுகின்றன. இதில் தாள் கிடையாது, அசையும் உறுப்பும் கிடையாது. சில வண்டிகளில் இதே வேலையைப் பில்டரின் அடிப்பகுதியே செய்கிறது. அங்கே நீரை ஒட்டவிடாத பூச்சு தடவிய தாள் இருக்கும். தாமரை இலைமேல் உருள்வதுபோல் நுண்துளிகள் அந்தத் தாளின் வெளிப்புறத்தில் நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கீழே வழிகின்றன.

பம்புக்கு முன்னால் இருக்கும் குழாய் உறிஞ்சப்படும் குழாய். அதற்குள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. பம்புக்குப் பின்னால் ஓரிடத்தில் வாஷர் தேய்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டும், தரையில் கறை தெரியும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். பம்புக்கு முன்னால் வாஷர் தேய்ந்தால், வண்டி ஓடும்போது வெளியே ஒன்றும் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இரவெல்லாம் நிற்கும்போது அந்த நுண்துவாரம் வழியாகக் காற்று நுழைய, குழாயிலிருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் இழுப்பது காற்றை. தண்ணீரைப் பிரிக்க மிகச் சிறந்த இடம் எதுவோ, அதுவே காற்றுக் கசிவு கண்ணுக்குத் தெரியாத இடமாகவும் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிப்போன ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றுக்காக முழுக் கிண்ணமும் பழி சுமக்கிறது.

உறவினரின் வண்டியில் செப்பரேட்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓரடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது கடுகளவு குமிழ்கள் வரிசையாக அதில் ஓடின. அதே குழாயைக் கிண்ணத்துக்கு முன்னால், டேங்க் பக்கமாக மாற்றி மாட்டியபோது ஒரு குமிழும் இல்லை. கசிவு கிண்ணத்தில்தான் என்பது அதோடு உறுதியாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் கழற்றுவது வீண் வேலை என்பேன். ஏனென்றால் பல வண்டிகளில் குற்றவாளி செப்பரேட்டராக இராமல், வெடித்த ரப்பர் குழாயாகவோ தளர்ந்த கிளாம்பாகவோ இருக்கிறது.

சரி, கிண்ணத்தில் சேரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டேங்க் காலியாக இருந்தால் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உள்ளே படிந்து தண்ணீராகிறது என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பனிக்காலத்தை அறிந்தவர்களுக்கு இது நம்பத்தக்கதாகவே தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் இதில் பாதிதான் தேறுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். 50 லிட்டர் டேங்க் முழுவதும் அந்தக் காற்றே நிறைந்து, அதிலுள்ள ஈரம் சொட்டுவிடாமல் தண்ணீராக மாறினாலும் ஒன்றரை மில்லிலிட்டர்தான் கிடைக்கும். நிற்கும் வண்டியின் டேங்க் பகலுக்கும் இரவுக்கும் இடையே விரிந்து சுருங்கி இழுத்துக்கொள்ளும் காற்று இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் போகாது. ஆகவே நூறு நாள் நின்றாலும் ஓரிரு தேக்கரண்டி தண்ணீர் சேர்வதே அதிகம். டீசலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பி.எஸ். 6 என்ற இந்திய எரிபொருள் தரத்தில் ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்க அனுமதி உண்டு. 50 லிட்டருக்கு அது எட்டுக் கிராம் அளவு. அதிலும் பெரும்பகுதி கரைந்தே இருக்கும். குளிர்ந்தால்தான் கொஞ்சம் பிரியும்.

எனவே கிண்ணத்தைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டினால் பனியைக் குறை சொல்ல வேண்டாம். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, மழைநீரோ வண்டி கழுவும்போது பீய்ச்சும் நீரோ உள்ளே போயிருக்கலாம். பிக்கப் வண்டிகளில் மூடி பக்கவாட்டில், சேறு தெறிக்கும் உயரத்தில் இருப்பதால் இது எளிதில் நடக்கிறது. அல்லது கன மழைக்குப் பிறகு எங்கோ ஒரு பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் இறங்கியிருக்கலாம். அதைக் கண்டறியப் பங்க்குகளில் ஒரு பசை உண்டு: அளவுக் கம்பியின் நுனியில் தடவி இறக்கினால், அடியில் தண்ணீர் நிற்கும் உயரம் வரை பசையின் நிறம் மாறிவிடும். சந்தேகம் இருந்தால் வாடிக்கையாளர் அந்தச் சோதனையைச் செய்து காட்டக் கேட்கலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்போது குழாயை நேராகச் சேர்த்துவிட்ட வண்டிக்கு வருவோம். பழைய ரோட்டரி வகை டீசல் பம்புக்குள் எஞ்சின் ஆயில் போவதில்லை. அதன் உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் டீசல்தான் ஆயில். டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் டீசல் ஒரு மெல்லிய படலமாக நின்று உலோகத்தை உலோகத்திலிருந்து விலக்கி வைக்கிறது. தண்ணீருக்கு அந்த வழவழப்பு இல்லை. ஓடும்போது துளி புகுந்த இடத்தில் படலம் அறுந்து உரசல் விழுகிறது. நிறுத்திவைத்த மாதங்களில் அதே துளி அங்கேயே உட்கார்ந்து துருவாகிறது. நின்ற வண்டியைத் திடீரென்று எடுக்கும்போது பம்ப் இறுகி நிற்பதற்கு இந்தத் துரு ஒரு முக்கியக் காரணம். பம்பைத் தாண்டிப் போகும் தண்ணீர், டீசலை எஞ்சினுக்குள் தூவும் நாசிலின் நுனியில் எரியறைச் சூட்டைச் சந்தித்து ஆவியாகிறது. நுனியின் நுண்துளைகள் அரிக்கப்பட்டு, டீசல் பனிபோல் தூவப்படாமல் சொட்டத் தொடங்குகிறது. பிறகு கரும்புகை, எஞ்சின் தட்டல், மைலேஜ் குறைவு.

பழைய எஞ்சின்களின் நாசில்கள் 120 முதல் 250 பார் (ஒரு பார் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) வரையிலான அழுத்தத்தில் திறப்பவை. அவை கொஞ்சம் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. "நான் கழற்றி மூன்று வருஷம் ஆச்சு, ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. நல்ல பங்க்கில் டீசல் போட்டு, தினமும் ஓட்டி, டேங்க் மூடி சரியாக இருந்தால் தண்ணீரே வராமலும் போகலாம். ஆனால் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,300 பாரைத் தாண்டுகிறது. அங்கே இந்த விளையாட்டுக்கு இடமே இல்லை. ஒரு முறை தண்ணீர் போனால் இன்ஜெக்டர்களின் விலை வண்டியின் விலையை எட்டிப் பார்க்கும்.

இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளரும். உணவு டீசல், குடிநீர் அடியில். பில்டரைப் பிரிக்கும்போது கறுப்பாக, வழவழவென்று, குளத்துப் பாசிபோல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இவற்றின் திரள்தான். இது வந்துவிட்டால் பில்டர் மாற்றிப் பயனில்லை. டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டால் இவை வளர இடமே கிடைக்காது.

வடிப்பதற்கு உரிய நேரம் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன். மேலே சொன்ன ஒன்பது மணி நேரக் கணக்கு இங்கே உதவுகிறது: முந்தைய நாள் தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கிக் குலுங்கிய நுண்துளிகளும் இரவில் இறங்கி அடியில் சேர்ந்திருக்கும். சமதளத்தில் நிற்கும் வண்டியின் கிண்ணத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்து, அடியிலுள்ள திருகைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். உறிஞ்சும் பக்கத்துக் கிண்ணம் என்றால் திருகைத் தளர்த்தியும் ஒன்றும் வராது. விரலால் வாயை மூடிய உறிஞ்சுகுழலில் தண்ணீர் நிற்பதுபோல் நின்றுவிடும். மேலேயுள்ள காற்றுத் திருகையும் சற்றுத் திறக்க வேண்டும். முதலில் தெளிந்த நீரோ கலங்கிய நீரோ வரும், பிறகு டீசல் வரும். டீசல் வந்ததும் கீழ்த்திருகை மூடி, கை பம்பை அழுத்தி, காற்றுத் திருகில் நுரை நின்று முழு டீசல் வழியும்போது அதையும் மூடி, பிறகு கை பம்ப் கல்லாக இறுகும் வரை அழுத்த வேண்டும். ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் இரண்டு முறை செய்தால் தாராளம். வடித்ததை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். கிணறும் போர்வெல்லும் அருகில்தான் இருக்கின்றன.

டேஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டிகளில் அதை முழுதாக நம்பிவிடவும் கூடாது. கிண்ணத்தின் அடியில் இரண்டு மின்முனைகள் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். நீர்மட்டம் முனைகளைத் தொட்டதும் விளக்கு எரியும், அவ்வளவுதான். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் அது ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் தண்ணீர் இல்லை என்று பொருளல்ல. எலி கடித்த ஒயரும் அதே அமைதியைத் தரும்.

கழற்றவே கூடாதா என்றால், ஒரே ஒரு நிலையில் கழற்றலாம். தனிச் செப்பரேட்டரின் உடல் விரிசல் விட்டு, மாற்றும் கிடைக்கவில்லை. அதே சமயம் வண்டியின் பில்டரே அடியில் வடிதிருகும் நீர் தங்கும் இடமும் கொண்டது என்றால், முன்னதை நீக்கிவிட்டுப் பின்னதை இருமடங்கு கவனத்தோடு பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பில்டர் இல்லையென்றால், அந்த வகைப் பில்டர் தலையை வாங்கிப் பொருத்திய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். வெறும் ரப்பர் குழாய் எதற்கும் மாற்றாகாது.

உறவினரின் வண்டிக்கு நாங்கள் இரண்டு ஓ ரிங்கும் ஒரு செப்பு வாஷரும் வாங்கிப் போட்டோம். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்த மெக்கானிக்கே முணுமுணுத்தபடி பொருத்தித் தந்தார். தெளிந்த குழாயில் குமிழ் நின்றது. மறுநாள் காலை வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. கிண்ணத்திலிருந்து வடித்ததை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் ஊற்றிக் கொட்டகைத் திண்ணையில் வைத்திருந்தோம். மாலையில் பார்த்தபோது மேலே பொன்னிற டீசல், கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் துருநிறத் தண்ணீர். டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தோம்; ரப்பர் வளையம் பாதிதான் இருந்தது.