நீங்களே செய்தால் மிச்சமா?

சிறுதொழில் செய்வோருக்குக் கணக்கு ஆலோசனை வழங்குவது என் தொழில். என்னிடம் வருவோரில் பெரும்பாலானோர் கையைவிட்டுப் போன பணத்தை மட்டுமே செலவாக எழுதுகிறார்கள். ஒரு வேலையைத் தாமே இழுத்துப்போட்டுச் செய்ததால் செய்ய முடியாமல் போன மற்றொரு வேலையின் மதிப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பொருளியலார் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள்.

அச்சு வடிவமைப்பாளர் ஒருவர், "உதவியாளரைவிட நானே வேகமாகக் கணக்கு எழுதுகிறேனே, அதை ஏன் அவரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு மணி நேரத்தில் அவரால் 30 பதிவுகளை எழுத முடியும், அல்லது 3 அட்டைகளை வடிவமைக்க முடியும். உதவியாளரால் 20 பதிவுகள், அல்லது ஒரே ஓர் அட்டை. அன்றாடம் வரும் 60 பதிவுகளை அவரே எழுதினால் இரண்டு மணி நேரமும் 6 அட்டைகளும் போகின்றன. உதவியாளர் எழுதினால் மூன்று மணி நேரம் ஆனாலும் போவது 3 அட்டைகள்தான். இரண்டு வேலையிலும் கெட்டிக்காரராக இருந்தும், ஒன்றை விட்டுக்கொடுப்பதே அவருக்கு ஆதாயம்.

பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் நாடுகளை வைத்துக் காட்டியதும் இதையே. அவருடைய எடுத்துக்காட்டில், குறிப்பிட்ட அளவு மதுவுக்குப் போர்ச்சுகலில் ஓராண்டுக்கு 80 பேரும் துணிக்கு 90 பேரும் போதும். இங்கிலாந்தில் முறையே 120 பேரும் 100 பேரும் வேண்டும். இரண்டிலும் போர்ச்சுகலே முந்தி நிற்கிறது. ஆயினும் 80 பேர் உழைப்பில் உண்டான மதுவைக் கொடுத்து, தான் நெய்தால் 90 பேர் தேவைப்படும் துணியை அது வாங்குகிறது. 100 பேர் நெய்த துணியைக் கொடுத்து, தான் செய்தால் 120 பேர் தேவைப்படும் மதுவைப் பெறும் இங்கிலாந்துக்கோ 20 பேரின் உழைப்பு மிச்சமாகிறது. வணிகத்தில் ஒருவர் பெற்றால் மற்றவர் இழந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

வேலையைப் பிறரிடம் ஒப்படைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது: எதை அளந்து கூலி கொடுப்பது? 1790-இல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கைதிகளைக் கொண்டுசென்ற இரண்டாம் கப்பல் தொகுதியின் ஒப்பந்தக்காரர்களுக்கு, ஏற்றிய தலைகளை எண்ணியே பணம் பேசப்பட்டிருந்தது. உயிரோடு சேர்ப்பதற்கென்று தனியே எதுவும் இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே இறந்தார். பின்னர் வந்த ஒப்பந்தங்களில், தொகையில் ஒரு பகுதி கைதி உயிரோடு கரையிறங்கினால் மட்டுமே உண்டு என்று மாற்றினார்கள்.

அந்த வடிவமைப்பாளரும் முதலில் பதிவுகளின் எண்ணிக்கைக்கே ஊக்கத்தொகை வைத்தார். சில வாரங்களில் ஒரே ரசீது மூன்று பதிவுகளாகப் பிரிந்து பேரேட்டில் நின்றது. உதவியாளரை நான் குறை சொல்லவில்லை. எதற்குப் பணம் வைத்தோமோ அதையே அவர் செய்தார். இப்போது மாத முடிவில் வங்கி அறிக்கையோடு வரிக்கு வரி ஒத்துப்போகும் கணக்குக்குத்தான் ஊக்கத்தொகை.