பழைய காரின் ஸ்டீயரிங்: நடுக்கத்தையும் தளர்ச்சியையும் பிரித்தறிதல்

கோவையிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் ஏறும் பழைய மாருதி 800 ஒன்றின் ஸ்டீயரிங் 80 கிலோமீட்டர் வேகத்தில் கையில் நடுங்கத் தொடங்கி, 90-இல் உச்சத்தைத் தொட்டு, அதையும் தாண்டினால் அடங்கிவிடுகிறது. அதே வயதுள்ள இன்னொரு காரில் நடுக்கமே இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகே சக்கரம் அசைகிறது. முதல் காரில் எங்கோ ஒரு விசை பிறக்கிறது. இரண்டாவதில் எங்கோ ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், "ராக் போயிருச்சுங்க" என்ற ஒற்றை வரியை நம்பி, ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பல்தண்டான ராக்கை முழுதாக மாற்றுவதில்தான் பழைய கார்க்காரர்களின் பணம் பெருமளவு வீணாகிறது.

நடுக்கத்துக்கு மிகப் பொதுவான காரணம் சக்கரத்தின் எடைச் சமநிலை கெடுவது. மாருதி 800-இன் 12 அங்குல ரிம்மில் 145/70 அளவு டயர் மாட்டியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் உருளும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 15 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் மட்டும் கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது சக்கரத்தை ஏறத்தாழ நாலரை கிலோ எடைக்கு நிகரான விசையோடு வெளிப்புறமாக இழுக்கிறது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 45 கிலோமீட்டரில் அது நாலில் ஒரு பங்குதான். அப்போது கைக்கு எதுவும் தெரியாது.

விசை வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் என்றால், 90-ஐத் தாண்டியதும் நடுக்கம் ஏன் குறைகிறது? சக்கரம், ஸ்பிரிங், ரப்பர் புஷ்கள், ஸ்டீயரிங் இணைப்புகள் ஆகியவை சேர்ந்த முன்பகுதிக்கு, தானாக அசையும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு; பல கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரையிலான அசைவுகளாக இருக்கும். ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டிய தூரியை (ஊஞ்சலை), அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போவதுபோல, சக்கரத்தின் சுற்று இந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் சிறு விசையும் பெரிய நடுக்கமாகிறது. வேகம் அதைக் கடந்ததும் ஒத்திசைவு விலகிவிடுகிறது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வேக இடைவெளியில் மட்டும் தோன்றி மறையும் நடுக்கத்துக்கு, சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங்தான் முதல் வேலை. பலரும் முதலில் கேட்கும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, இந்த நடுக்கத்தை நேரடியாகத் தீர்க்காது. அது கெட்டிருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், அவ்வளவே.

பேலன்சிங்குக்குப் போகும் முன் ரிம்மின் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மழை பெய்த மறுநாள் பொள்ளாச்சி, உடுமலை பக்கத்துத் தோட்டங்களுக்கு இட்டேரி (வேலிகளுக்கு இடையிலான மண்பாதை) வழியாகப் போய்வந்த காரின் ரிம்முக்குள் மண் அப்பிக் காய்ந்துவிடும். உள்ளங்கையளவு காய்ந்த மண் 30 கிராமை எளிதில் தாண்டும் என்பதால், நேற்று வரை நன்றாக ஓடிய கார் இன்று நெடுஞ்சாலையில் திடீரென நடுங்குகிறது. குச்சியால் சுரண்டி, தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். எடையைச் சமன்செய்ய ரிம்மில் பொருத்தும் ஈயக்கட்டி எதுவும் வேண்டியதில்லை.

வேகம் 30, 40 இருக்கும்போதே ஸ்டீயரிங் மெதுவாக இடமும் வலமும் அலைந்தால் அது வேறு கதை. டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம் அல்லது ரிம் வளைந்திருக்கலாம். டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிக்கொண்டே சுற்றினால் புடைப்பு தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்ட டயரை அன்றே கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அது வெடிக்கப்போகும் டயர். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும்: 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். சந்தேகம் தீரவில்லையென்றால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் கையிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி டயரோ ரிம்மோதான்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் டயரைத் தொடவே வேண்டாம். டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுவது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே பாதத்திலும் கையிலும் உணரப்படும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பண்ணாரியிலோ ஆழியாறிலோ சோதனைச் சாவடி வரிசையில் பிரேக்கை அழுத்தியபடியே நிற்கும்போது, கொதிக்கும் டிஸ்க்கில் அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் பேடின் பொருள் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் திட்டு பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தட்டுகிறது. கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் டிஸ்க்கை மெல்லியதாகச் சீவித் தருவார்கள். ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகுமென்றால் புதிது போடுவதே சரி.

இனி தளர்ச்சி. ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் வெளிமுனை மூட்டான டை ராடு எண்டில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் ஏற்பட்டால் அது கைக்கு எவ்வளவாகத் தெரியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த மூட்டு இணைந்து சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையின் (ஸ்டீயரிங் ஆர்ம்) நீளம் 120 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டர் என்பது சக்கரத்தில் ஏறத்தாழ அரை டிகிரி. ஸ்டீயரிங்கை 18 டிகிரி திருப்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும் காரில், அந்த அரை டிகிரி ஸ்டீயரிங்கில் சுமார் 9 டிகிரியாகப் பெருகும். 37 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகம். சிறு கார்களில் பொதுவாக ஏற்கப்படும் 30 மில்லிமீட்டர் ப்ளேயை (வெற்றாட்டத்தை), ஒரே ஒரு மூட்டின் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே தின்றுவிடுகிறது.

அந்த மூட்டைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை; இரண்டு பேர் போதும். கார் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் டை ராடு எண்டின் மூட்டைச் சுற்றி விரல்களை வைக்க வேண்டும். மூட்டு நன்றாக இருந்தால் இரு பாகங்களும் ஒன்றாக நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று நகர்ந்த பிறகே அடுத்தது நகரும். அந்த நேரத்தில் விரல் நுனியில் 'டக்' என்ற தட்டல் தெளிவாகத் தெரியும். அடுத்து ராக் எண்டு (அதே தண்டின் உள்முனை மூட்டு), ராக்கைப் பிடித்திருக்கும் புஷ், ஸ்டீயரிங் தண்டின் அடிமூட்டு என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் போக வேண்டும். மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே மண்ணும் நீரும் போய் கிரீஸைக் கெடுத்திருக்கும் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் ஆர்மின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். பிரேக் பிடிக்கும்போது சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதால் இடையில் உள்ள பேரிங்கின் தளர்ச்சி மறைகிறது.

ராக்கே தேய்ந்திருந்தால் அது பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் இருக்கும், ஏனென்றால் காரின் ஆயுளில் பெரும்பங்கு நேர்சாலையில் கழிகிறது. அந்தத் தளர்ச்சியைப் போக்க ராக்கின் திருகை இறுக்கினால், தேயாத இரு ஓரங்களிலும் ஸ்டீயரிங் சிக்கிக்கொள்ளும். அப்படி இறுக்கிய காரை வால்பாறை வளைவுகளில் ஓட்டுவது ஆபத்து. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

நடுக்கத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சத்தமில்லாத தளர்ச்சிதான். புது டயர் போட்டு பேலன்சிங் செய்ததும் நடுக்கம் நின்றுவிடும். தேய்ந்த பால் ஜாயின்ட் அப்படியே இருக்கும். அது கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். ஆகவே நடுக்கம் நின்ற காரிலும் மேற்சொன்ன விரல் சோதனையையும் ஜாக்கிச் சோதனையையும் செய்துவிட வேண்டும். டை ராடு எண்டு மாற்றினால் டோ அளவு (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) நிச்சயம் மாறும் என்பதால், அலைன்மென்ட்டுக்கு அதுதான் சரியான நேரம். மூட்டு தளர்ந்திருக்கும்போது அளந்தால், அடுத்த குழியிலேயே அந்த அளவு மாறிவிடும். வேலை முடிந்ததும் டை ராடு எண்டைப் பூட்டும் செக் நட் இறுகியிருக்கிறதா, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போட வேண்டிய மூட்டில் பழையதையே வளைத்து மாட்டாமல் புதிய பின் போட்டிருக்கிறார்களா என்று, காரைப் பட்டறைப் பள்ளத்திலிருந்து எடுக்கும் முன்பே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.