இன்க்ளூஷன்னா உள்ளடக்கம் இல்லைங்க, சேர்த்துக்கொள்ளல்

பல்கலைக்கழக மாணவர் நல மையங்களோட அறிக்கை, போஸ்டர், கருத்தரங்கு அழைப்பிதழ்னு எதை எடுத்தாலும் இப்ப "பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம்"னு மூணு சொல்லு வரிசையா நிக்குது. டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷனுக்கு தமிழ் இதுதானாம். முதல் சொல் பரவால்ல. ரெண்டாவது சரியில்ல, சமத்துவம் ஈக்குவாலிட்டிக்கு எப்பவோ போயாச்சு, ஈக்விட்டிங்கிறது அவங்கவங்க நிலைமை பாத்து நியாயமா செய்யுறது, அதை சமநீதின்னு எழுதினா குழப்பமே இல்ல. மூணாவதுதான் என்னால சகிக்க முடியல.

உள்ளடக்கம்னா கன்டென்ட். புத்தகத்தோட உள்ளடக்கம், வீடியோவோட உள்ளடக்கம். "மாணவர் சேவையில் உள்ளடக்கம்"னு படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? சேவைல என்னென்ன இருக்குன்னு பட்டியல் போட்டிருக்காங்கன்னுதான் நினைக்கும்.

இங்கிலீஷ் சொல்லுக்கு வேர் லத்தீன், 'உள்ளே வச்சு மூடுறது'ன்னு அர்த்தம். அந்த வேரை அப்படியே பிடிச்சு தமிழாக்கினா உள்ளடக்கம்னுதான் வரும், ஆனா சொல்லோட அர்த்தம் அங்கயே நிக்கல. இந்தியால 1974ல மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம்னு வந்துச்சு, அதுல பிள்ளைய சாதாரண பள்ளிக்குள்ள கொண்டுவர்றதுதான் பெரிய விஷயம். 1994ல ஸ்பெயின்ல நடந்த யுனெஸ்கோ கல்வி மாநாட்டுல சாலமன்கா அறிக்கை வந்தப்ப பள்ளிதான் பிள்ளைக்கு ஏத்தபடி மாறணும்னு பேச்சு திரும்புச்சு. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதையே சொல்லுது: எல்லா மாணவரும் ஒண்ணா படிக்கணும், கற்பிக்கிற முறைய தேவைக்கு ஏத்தபடி மாத்தணும். மாறவேண்டியது நிறுவனம். உள்ளடக்கம்ங்கிற சொல்லுல இது எங்க இருக்கு? அடக்குறதுன்னாலே பெட்டி அப்படியே இருக்கும், உள்ள போற பொருள்தான் மடங்கி ஒடுங்கி போகணும். போதாததுக்கு அடக்குமுறை, நல்லடக்கம்னு அந்த வேர்ல இருந்து வர்ற மத்த சொல்லும் காதுல விழுது. காலம் காலமா அடக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள்கிட்ட போய் "உங்களை உள்ளடக்கப் போறோம்"னு எழுதுறவங்க ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

சிலர் அரவணைப்புன்னு எழுதுறாங்க. மனசு நல்ல மனசுதான், ஆனா அது இரக்கத்தோட சொல். கண் தெரியாத மாணவருக்கு பரீட்சைல சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தர்றது அரவணைப்பு இல்ல, மேல சொன்ன அதே சட்டம் குடுத்த உரிமை. உரிமை கிடைக்கலன்னா புகார் குடுக்கலாம், அரவணைக்கலன்னு யார்கிட்ட புகார் குடுக்கிறது?

ஒதுக்காமைன்னு ஒரு யோசனை உண்டு. கேக்க அழகா இருக்கு, ஆனா இட ஒதுக்கீடு பக்கத்துலயே நிக்குதே, ஒதுக்கீடு வேணும், ஒதுக்காமையும் வேணும்னா படிக்கிறவன் தலை சுத்தும்.

நம்மகிட்ட ஏற்கெனவே சொல் இருக்கு. தெருவுல பிள்ளைங்க விளையாடுறப்ப ஓரமா நிக்கிற பிள்ளை என்ன கேக்கும்? "என்னையும் சேத்துக்கோங்க". அதான். சேர்த்துக்கொள்ளல். இதுல அந்த 'கொள்' தான் உயிர். சேர்க்கைன்னா அட்மிஷன், பேரு ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சு, அவ்வளவுதான். சேர்த்துக்கொள்றதுன்னா சேக்குறவங்க தன்னோட ஆளா எடுத்துக்கிறது, அதுக்கு அவங்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடணும். அந்த 2016 சட்டப்படி அரசு, அரசு உதவி பெறுற உயர்கல்வி நிறுவனங்கள்ல, குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாம இடம் உண்டு, அது சேர்க்கை. சேர்ந்த பிறகு வகுப்புக்குப் போக சாய்தளம், காது கேக்காதவங்களுக்கு சைகை மொழிபெயர்ப்பாளர், விடுதில சாதி கேக்காத சாப்பாட்டு மேசை, முதல் தலைமுறை மாணவருக்கு ஃபீஸ் பாரம் நிரப்ப உதவுற ஆள், இதெல்லாம் சேர்த்துக்கொள்ளல். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012ல போட்ட சமநீதி விதிகள்ல சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் கேட்டது இந்த ரெண்டாவது வேலைக்குத்தான்.

சொல் நீளமா இருக்குன்னு சொல்றவங்க "எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி"ன்னு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க. மொழிபெயர்க்கிறவங்க அகராதில முதல்ல கண்ணுல படுறதை எடுத்துப் போட்டுட்டு அதுதான் கலைச்சொல்னு சாதிக்கிறது எல்லாத் துறையிலயும் நடக்குது. போஸ்டர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மாணவர் நல மையத்துக்கு வர்ற ஒரு மாணவர்கிட்ட படிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க.