மழை விட்டும் மைதானம் விடவில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரி விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போய்விடும். இரவெல்லாம் கொட்டிய மழை விடியலில் நின்றிருக்கும். எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். தார்ச்சாலை காய்ந்துவிடும், மொட்டைமாடி காய்ந்துவிடும். மைதானத்தில் மட்டும் பிற்பகல் வரை கால் வைக்க முடியாது. ஆட்டத்தை அதிகம் கெடுப்பது பெய்கிற மழை அல்ல, பெய்து ஓய்ந்தபின் மண்ணுக்குள் தங்கிவிடுகிற நீர். இந்த நீரை மிக நுணுக்கமாக ஆராய்ந்து வைத்திருக்கும் ஆட்டம் கோல்ஃப். குழி இருக்கும் 'கிரீன்' என்ற பரப்பில் புல்லின் உயரமே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதன்மேல் பந்து நேராக உருள வேண்டும். ஒரு சொட்டு நீர் தேங்கினாலும் ஆட்டம் தடம் மாறிவிடும். கோல்ஃப் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கிரிக்கெட் மைதானத்துக்கும் பள்ளித் திடலுக்கும் பயன்படும்.

முதலில் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கிரீனில் 50 மி.மீ. மழை பெய்தால் 25,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இரண்டின் கொள்ளளவு. நடுவிலிருந்து 70 மீட்டர் ஆரம் கொண்ட கிரிக்கெட் மைதானத்துக்கு அதே மழை 7.7 லட்சம் லிட்டரைக் கொண்டுவந்து சேர்க்கும். அறுபத்து நான்கு லாரி!

இவ்வளவு நீரும் வெளியேற மூன்று வழிகள்தான் உண்டு. ஆவியாகலாம், சரிவில் ஓடலாம், மண்ணுக்குள் இறங்கலாம். வெயிலை நம்பியிருப்பவர்கள் ஏமாறுவது முதல் வழியில். கார்த்திகை மாதத்து மேகமூட்டத்தில், கடற்கரை ஈரக்காற்றில், ஒரு நாளைக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் ஆவியாகும். நல்ல வெயில் அடித்தாலும் மூன்று, நான்கைத் தாண்டுவது கடினம். ஐம்பது மில்லிமீட்டரை வெயில் உறிஞ்ச வேண்டுமென்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்துவிடும். சரிவுக்கு ஓர் எல்லை உண்டு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்கு நடுவை மேடாக்கலாம். அதற்கு மேல் போனால் ஆடுபவரின் காலுக்கே தெரியும். மீதி வேலை முழுக்க மண்ணின் தலையில் விழுகிறது.

மண் நீரை விழுங்கும் வேகம் அதன் துகளின் பருமனைப் பொறுத்தது. மணல் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் விழுங்கும். வண்டல் 10 முதல் 20. களிமண் வெறும் 1 முதல் 5 மி.மீ. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டுவது இந்தக் கரையில் அபூர்வமல்ல. களிமண் திடல் அதில் பத்தில் ஒரு பங்கைக் குடிப்பதற்குள் மீதி குளமாகிவிடும்.

நம் பகுதியில் சில கிலோமீட்டருக்குள் மண் முற்றிலும் மாறிவிடுகிறது. கேப்பர் மலையிலும் பண்ருட்டிப் பக்கமும் ஆரோவில் மேட்டிலும் இருப்பது செம்மண். அதற்கு அடியில் இருக்கும் பாறையடுக்குக்குப் புவியியலில் 'கடலூர் மணற்பாறை' என்றே பெயர். முந்திரியும் பலாவும் அங்கே செழிப்பதற்கு ஒரு காரணம், வேரில் நீர் தேங்காமல் இறங்கிவிடுவது. பாகூர் வயல்வெளிக்குப் போனால் கதை வேறு. நெல்லுக்கு நீரைப் பிடித்து வைக்கும் களிமண் அது. விவசாயிக்கு வரமான அதே குணம் விளையாட்டுக்காரருக்குச் சங்கடம். கடற்கரையோரத்து மணல் இன்னொரு ரகம். அக்டோபரில் சல்லடைபோல நீரை விடும். நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் மேலேறி, கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தபின், அந்த மணலும் விழுங்க மறுக்கும். மணலின் மீது குற்றமில்லை. கீழே இடமில்லை.

எந்த மண்ணில் ஆடினாலும் கிரீனை மட்டும் தனியாக, ஒரு பெரிய பூந்தொட்டியைப் போல, கட்ட வேண்டும் என்ற முடிவுக்குக் கோல்ஃப் உலகம் வந்தது இதனால்தான். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய முறை இன்று உலகமெங்கும் புழங்குகிறது. நிலத்தைத் தோண்டி, அடியில் 100 மி.மீ. விட்டமுள்ள துளையிட்ட குழாய்களை 4.5 மீட்டர் இடைவெளிக்குள் பதிக்கிறார்கள். அதன்மேல் 10 செ.மீ. சரளைக்கல். அதற்கும் மேல் 30 செ.மீ. தடிமனுக்குச் சலித்த மணல். புல் வளர்வது அந்த மணலில். அது மணிக்குக் குறைந்தது 150 மி.மீ. நீரையாவது கீழே விட வேண்டும் என்பது விதி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணலுக்கு அடியில் சரளை போட்டால் நீர் சட்டென்று இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. மணலின் நுண்ணிய இடுக்குகள் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். சரளையின் பெரிய இடுக்குக்கு அதை எளிதில் விட்டுக்கொடுக்காது. மேலே நீர் சேர்ந்து, அதன் எடை அந்தப் பிடியை வெல்லும்போதுதான் சரசரவென்று இறங்கும். பாத்திரம் தேய்க்கும் நுரைப்பஞ்சு ஒன்றை முழுக்க நனைத்து உள்ளங்கையில் படுக்கவையுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். பஞ்சு அதேதான், உயரம் கூடியதால் நீரைத் தள்ளும் எடை கூடிவிட்டது. மணலுக்கு 30 செ.மீ. தடிமன் கேட்பதற்கு இதுவே காரணம். செலவை மிச்சப்படுத்த 15 செ.மீ.யோடு நிறுத்தினால், சரளைக்கு மேல் தேங்கும் ஈரப்படலம் புல்லின் கழுத்து வரை ஏறி நிற்கும். லட்சக்கணக்கில் செலவழித்துச் சதுப்பு நிலம் கட்டியதாக முடியும்.

மணலைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் அதிகம் தவறு நடக்கிறது. களிமண் திடலில் நாலு வண்டி மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இல்லாவிட்டால், களிமண் அவற்றின் இடுக்குகளை அடைத்து, காரை பூசியதுபோல இறுகிவிடும். கலவையில் முக்கால் பங்குக்கு மேல் மணல் இருந்தால்தான் பலன். எம்-சாண்டில் கல்தூள் இருக்கும். கழுவாமல் போட்டால் முதல் மழையிலேயே அந்தத் தூள் இறங்கி இடுக்குகளை அடைக்கும். கடல் மணலில் இருக்கும் உப்பு புல்லைக் கருக்கும்.

கிரீனைத் தவிர்த்த பரந்த புல்வெளிக்கு, அதாவது ஃபேர்வேக்கு, இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. அங்கே ஊர் மண்தான். ஆகவே மழை முதலில் மடக்குவது ஃபேர்வேயைத்தான். உயரத்திலிருந்து விழும் பந்து உருளாமல் விழுந்த இடத்திலேயே புதையும். பங்கர் என்னும் மணல்குழியின் சரிவு மழையில் கரைந்து, அடியிலிருக்கும் களிமண் மணலோடு கலந்துவிடும். பின் எத்தனை முறை வாரினாலும் அந்தக் குழி பழையபடி வடியாது. கலங்கிய மணலை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுவது ஒன்றே வழி. ஆட்ட விதிகள் மழைக்கு ஓரளவு வளைந்து கொடுக்கின்றன. பந்து தேங்கிய நீரில் கிடந்தால் அபராதமின்றி எடுத்து, நீரில்லாத மிக அருகிலான இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் போட்டு ஆடலாம்.

மழைநாளில் பந்து தூரம் போகாததற்குக் 'காற்று கனத்துவிட்டது' என்று சொல்வது வழக்கம். ஈரக்காற்று உண்மையில் கனம் குறைந்தது. நீராவியின் மூலக்கூறு, அது இடம்பெயர்க்கும் நைட்ரஜன், ஆக்சிஜனைவிட லேசானது. 30 டிகிரியில் முழுக்க ஈரமேறிய காற்று, உலர்ந்த காற்றைவிட ஒன்றரை சதவீதம் லேசாக இருக்கும். தூரம் குறைவதற்குக் காரணங்கள் வேறு. மழையில் காற்று எட்டு டிகிரி குளிர்ந்தால் இரண்டரை சதவீதம் அடர்த்தியாகும். மட்டை முகத்துக்கும் பந்துக்கும் நடுவே சிக்கும் நீர்ப்படலம் பந்தின் சுழற்சியைக் குறைத்து, அதன் போக்கைக் கணிக்க முடியாமல் ஆக்கும். ஈரத் தரை உருளும் தூரத்தை அப்படியே விழுங்கிவிடும். மட்டை முகத்தை ஒவ்வொரு அடிக்கும் முன் உலர்ந்த துண்டால் துடைப்பது இவற்றில் நம் கையில் இருக்கும் ஒன்று.

கோல்ஃப் மைதானத்துப் பெர்முடா புல் வேறெதுவுமில்லை, நம் அருகம்புல் இனம். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்தும் அளவுக்கு வைராக்கியமான அந்த வேருக்கும் மூச்சு வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணிடுக்கெல்லாம் நீர் நிறைந்து இரண்டு மூன்று நாள் நின்றால் வேர் நுனிகள் அழுக, பூஞ்சை நுழையும். மேகமூட்டத்தில் இலைக்கு வெளிச்சமும் போதாது. மழை மாதங்களில் வெட்டு உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டி, இலைப்பரப்பை அதிகம் விட்டுவைப்பது புல்லைக் காப்பாற்றும்.

கிரிக்கெட் ஆடுகளம் இதற்கெல்லாம் எதிர்த்திசை. அங்கே களிமண்தான் வேண்டும், உருளையிட்டு இறுக்கினால் கல்லாக வேண்டும். நீர் இறங்காத மண் என்பதால் நீரைத் தொடவே விடக்கூடாது. 2020 ஜனவரியில் குவாஹாட்டியில் இந்தியா, இலங்கை ஆட்டத்தின்போது உறை வழியே நீர் கசிந்தது. முடி உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு போராடியும் ஆட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. புதுச்சேரி அணி 2018-19 முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. ரஞ்சிப் பருவத்தின் தொடக்கம் நம் மழைக்காலத்தின் மேலேயே வந்து விழுவதால், தார்ப்பாய் போடத் தெரிந்த ஆள் இங்கே மிக முக்கியம். பாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒரு மீட்டராவது ஏறியிருக்க வேண்டும், மேட்டுப் பக்கத்துப் பாய் மேலே வர வேண்டும், கூரை ஓடு வேய்வதுபோல. அடியில் சணல் சாக்கு விரித்தால் பாய்க்குக் கீழே வேர்க்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மழை விட்டதும் பாயைச் சுருட்டும்போது தேங்கிய நீர் ஆடுகளத்தின்மேல் சரிந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. முதலில் நீரைத் தாழ்வான பக்கமாகத் தள்ளி வடித்துவிட்டுத்தான் பாயை எடுக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தான், நியூசிலாந்து டெஸ்ட் ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. அங்கே மழையோடு வடிகால் குறைபாடும் சேர்ந்துகொண்டது. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் தரைக்கடியில் காற்றை உறிஞ்சி நீரை இழுக்கும் அமைப்பு 2017 முதல் இருக்கிறது. அந்த நுட்பம் 1990களில் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்துக் கிரீன்களுக்காகப் பிறந்தது.

எந்த வடிகாலுக்கும் கடைசிச் சோதனை அது போய்ச் சேரும் இடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. சதுர மீட்டருக்கு முப்பது குடம் தண்ணீர். மணிக்கு 150 மி.மீ. விடும் மணலுக்கு அது பெரிய பாரமில்லை. குழாயின் வாய் வெள்ளத்துக்குள் மூழ்கிவிட்டால்தான் ஆபத்து. கெடிலம், உப்பனாறு முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்நிலங்களில் கடல் ஏற்றத்தின்போது வாய்க்காலே எதிர்த்து நிற்கும், நீர் குழாய் வழியாகத் திடலுக்குள் திரும்பும். குழாய் வாயை வாய்க்காலின் வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். முடியாத இடத்தில் தொட்டி கட்டி மோட்டாரால் இறைக்க வேண்டும்.

இடி மின்னலுக்கு மட்டும் எந்தச் சமரசமும் கிடையாது. திறந்த வெளியில், கையில் உலோகத் தண்டோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடியோ குறைவாகவோ இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. கோல்ஃபில் ஒரே நீண்ட சைரன் ஒலித்தால், பாதி ஆட்டத்தில் இருந்தாலும் மட்டையை விட்டுவிட வேண்டும். தனிப் பனையடியில் ஒதுங்குவது மழைக்குக்கூட உதவாது, மின்னலுக்கோ நேரடி அழைப்பு.

சிறிய திடலுக்கான வேலைகள் ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும். 12 மி.மீ. விட்டத்தில், 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு மண்ணை எடுத்து, கழுவிய பருமணலால் நிரப்புவது முதல் வேலை. தேங்கும் இடங்களில் 20 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் பள்ளம் வெட்டி, துளைக்குழாய் வைத்து, 20 மி.மீ. ஜல்லியும் மேலே பருமணலும் நிரப்ப வேண்டும். வெட்டிய களிமண்ணையே மேலே போட்டு மூடினால் பள்ளம் வெட்டியது வீண். புரட்டாசியில் குழாய் வாயில் அடைத்திருக்கும் செத்தையை அள்ளி, மேலே ஒரு குடம் நீர் ஊற்றி, வாயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்குப் பின் உருளையையும் வெட்டும் இயந்திரத்தையும் எப்போது இறக்குவது என்பதைக் குதிகாலே சொல்லும். அழுத்தி ஊன்றி எடுங்கள். தடத்தில் நீர் மினுங்கினால் யாரும் இறங்கக்கூடாது. நீரில்லாமல் பள்ளம் மட்டும் அப்படியே நின்றால் நடக்கலாம், இயந்திரம் கூடாது. மண் மெல்ல நிமிர்ந்து தடம் மறைந்தால் வெட்டலாம். உருளைக்கு அதற்குப் பிறகும் அரைநாள் பொறுக்க வேண்டும். ஈரமண்ணை உருளை ஒருமுறை நசுக்கிவிட்டால், மூடிய அந்த இடுக்குகளைத் திறக்க அடுத்த ஆடி வரை காத்திருக்க நேரும்.