பெரிய டிவி மாட்டும் முன்: அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா அழைத்தார். "தம்பி, டிவி தலை குனிஞ்ச மாதிரி இருக்கு. வந்து கொஞ்சம் நிமிர்த்தி விடுறீங்களா?"

போய்ப் பார்த்தேன். 75 அங்குல டிவி. முன்னால் இழுத்துத் திருப்பும் கை பிராக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடத்தையும் படிப்பறையையும் பிரிக்க ரெனவேஷனில் எழுப்பிய ஜிப்சம் தடுப்புச் சுவர் அது. பிராக்கெட் தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே என் விரல்நகம் நுழைந்தது. டிவிக்கு நேர் கீழே பாய், அதில் இரண்டு வயதுப் பிள்ளை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "அக்கா, முதல்ல தம்பிய உள்ளே தூக்கிட்டுப் போங்க" என்றேன். அப்புறம்தான் கருவிப் பையையே திறந்தேன்.

டிவியை இறக்கிவிட்டுத் திருகுகளைக் கழற்றினால், ஆறில் நான்கு கையாலேயே வந்துவிட்டன. அவற்றின் மரை முழுக்கக் கோலமாவு அப்பியதுபோல வெள்ளைத் தூள். மீதி இரண்டும் உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் தகடு, சார்டின் டின் மூடியைத் திறந்ததுபோல வெளிப்பக்கமாகக் கிழிந்து மடிந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்குமா என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

மாட்டியவர் அலட்சியக்காரர் இல்லை. தடிமனான, நீளமான நல்ல திருகுகளைத்தான் போட்டிருந்தார். அவை மரச் சட்டத்துக்கான திருகுகள் என்பதுதான் சிக்கல். நாம் இணையத்தில் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே சுவருக்குள் 38 மில்லிமீட்டர் அகல மரக்கட்டைகள், வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். கட்டையின் நடுவில் சிறு துளை போட்டுத் திருகை இறக்கினால் மரம் கவ்விக்கொள்ளும். சிங்கப்பூரில் ஜிப்சம் தடுப்பு என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புச் சட்டம், தகட்டின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். எவ்வளவு நீளத் திருகு போட்டாலும் ஒரு மரை, மிஞ்சினால் இரண்டு மரைதான் அதில் பிடிக்கும். மற்றதெல்லாம் காற்றில் நிற்கிறது.

அதனால் டிவி வாங்கும் முன்னாலேயே சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். தட்டிப் பார்த்து "டொக் டொக்" என்று கேட்டால் ஜிப்சம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உள்ள இலகுக் கான்கிரீட் தடுப்புகளும் சில இடங்களில் அப்படித்தான் ஒலிக்கும். டிவி மறைக்கப்போகும் இடத்தில் சிறியதாக ஒரு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். சாம்பல் நிற மணல்போல வந்தால் கான்கிரீட், சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளை மாவாக உதிர்ந்து, ஒரு சென்டிமீட்டர் தாண்டியதும் டிரில் சட்டென்று வெற்றிடத்துக்குள் விழுந்தால் ஜிப்சம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் சுவரில் மட்டும் இந்தச் சோதனையும் வேண்டாம். அதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் தனியே உண்டு, அவற்றைப் படித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

ஜிப்சம் என்று தெரிந்துவிட்டால் சட்டங்களைத் தேட வேண்டும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நியோடிமியம் காந்தம் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் அலங்காரக் காந்தம் இதற்குப் போதாது. சுவரில் வைத்து மெல்ல நகர்த்தினால், ஜிப்சம் பலகையைச் சட்டத்தோடு பிணைத்த திருகின் தலைமேல் அது நின்றுவிடும். மேலும் கீழுமாக நாலைந்து இடத்தில் நின்றால் அந்தக் கோட்டில் சட்டம் இருக்கிறது. அடுத்தது அநேகமாக 400 அல்லது 600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் குறியுங்கள். சாக்கெட்டுக்கும் சுவிட்ச்சுக்கும் நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓட வாய்ப்பு அதிகம். சட்டங்களில் உள்ள துளைகள் வழியே குறுக்கிலும் ஓடும். டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துவது என் பழக்கம்.

பிராக்கெட் பெட்டியில் 60 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாடிக்கையாளர்கள் வாதாடுவார்கள். அந்த எண் பிராக்கெட்டின் பலம். உங்கள் சுவரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டிவி 35 கிலோ, பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 40 சென்டிமீட்டர். சுவரை ஒட்டிய பிராக்கெட்டில் டிவியின் எடை சுவரிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 35ஐ 8ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால், மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை 7 கிலோ அளவுதான். அதே டிவியைக் கை பிராக்கெட்டில் 50 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால் அது 44 கிலோவுக்குப் பக்கமாகப் போய்விடும். இதில் பிராக்கெட்டின் சொந்த எடையையோ, பிள்ளை பிடித்துத் தொங்குவதையோ நான் சேர்க்கவில்லை. செங்காங் வீட்டில் நடந்தது இதுதான். சாப்பாட்டு மேசையிலிருந்து பார்க்க வசதியாகத் தினமும் இரவு இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள், ஒவ்வோர் இழுப்பிலும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றிருக்கிறது.

ஆகவே இரும்புச் சட்டச் சுவரில், உள்ளே மரப்பலகை வைக்காமல் கை பிராக்கெட் மாட்ட நான் சம்மதிப்பதில்லை. பணம் கூடத் தருகிறேன் என்றாலும் இல்லை. சுவரை ஒட்டிய பிராக்கெட்டாக இருந்து, தகடு குறைந்தது இரண்டு சட்டங்களையாவது தொட்டால், டாகில் போல்ட் போடலாம். ஜிப்சத்தையும் சட்டத்தின் தகட்டையும் சேர்த்துத் துளைத்து உள்ளே தள்ளினால், பின்பக்கம் ஓர் இரும்புத் துண்டு குறுக்கே படுத்துக்கொள்ளும். இழுப்பை மரைக்குப் பதிலாக அந்தத் துண்டு வாங்கிக்கொள்கிறது. துளை சட்டத்தின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தால் தகடு கிழியும். அப்போதும் டாகில் உறையில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து, தாராளமாகக் குறைத்தே கணக்கிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் பிளக்கை ஜிப்சத்தில் அடித்துப் பெரிய டிவியை மாட்டுவது கூடவே கூடாது.

சட்டங்கள் 600 மில்லிமீட்டர் தள்ளி இருந்து, தகடு ஒன்றை மட்டுமே எட்டினால், 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே பல திருகுகளால் பொருத்தி, சுவர் நிறம் அடித்து, அதன்மேல் பிராக்கெட்டை மாட்டுவேன். பெரிய டிவி அதை முழுக்க மறைத்துவிடும்.

இப்போது எல்லா வீட்டிலும் வரிவரியாகப் பலகை ஒட்டிய ஃபீச்சர் வால் செய்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் முன்பக்கம் மெல்லிய பலகை, பின்னால் இடைவெளி. டிவி அதில் தொங்கக் கூடாது. திருகு பின்னாலுள்ள கான்கிரீட் வரை போக வேண்டும், அல்லது டிவி வரும் இடத்தில் தடிமனான பலகையைத் தச்சர் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும்.

ஏர்கானுக்குக் கீழே டிவி மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடிகுழாய் அடைத்துத் தண்ணீர் சுவரில் இறங்கினால் ஜிப்சம் ஊறி வலுவிழக்கும். காய்ந்த பிறகு வெளியே ஒரு பழுப்புக் கறை மட்டும்தான் தெரியும். அப்படிக் கறை பார்த்தால், டிவியை இறக்கிப் பலகையை அழுத்திப் பாருங்கள்.

டிவியின் மின் வயரைச் சுவருக்குள் நுழைத்து மறைக்காதீர்கள். அந்த வயர் சுவருக்குள் புதைப்பதற்காகச் செய்ததில்லை. சாக்கெட்டை டிவிக்குப் பின்னால் நகர்த்த வேண்டுமானால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் டிரில் போடாதீர்கள், பக்கத்து வீட்டில் யாராவது இரவுப் பணி முடித்துத் தூங்குவார்கள்.

செங்காங் அக்கா வீட்டில் அன்று டிவியைத் திரும்ப மாட்டவில்லை. தாழ்வான அலமாரிமேல் நிற்க வைத்து, பின்பக்கம் பட்டை போட்டு முன்னே சாயாதபடி கட்டிவிட்டு வந்தேன். தீபாவளி முடிந்ததும் சுவரின் அந்தப் பகுதியை வெட்டித் திறந்து, சட்டங்களுக்கு இடையே பலகை வைத்து, மறுபடி மூடினோம். மூடும் முன் அளவுநாடாவைச் சட்டத்தின் அருகே பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி ஐந்தாறு படம் எடுத்து அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். புது வீட்டில் ரெனவேஷன் நடந்துகொண்டிருந்தால், சுவரை ஜிப்சம் போட்டு மூடும் முன் நீங்களும் அந்தப் படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டரிடம் டிவி வரும் இடத்தைக் காட்டி, "இங்கே பலகை வைங்க" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.